கோமுகி உலாவியும் அம்சவள்ளியின் கோபமும்

"யாருடா நீ? நான் எந்த ஊர்ல குந்திக்கினு இருக்கேன்னு உனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?"

அம்சவள்ளி கேட்பது மடிக்கணினியிடம். திரையில் ஒரு சமையல் குறிப்புப் பக்கம். கருணைக்கிழங்கு மசியலுக்குப் புளி எவ்வளவு என்று பார்க்கப் போனவளிடம் அந்தப் பக்கம் இருப்பிடம் கேட்கிறது, தினமும் அறிவிப்பு அனுப்பட்டுமா என்கிறது, அது முடிந்ததும் ஒரு மெத்தை விளம்பரத்தை விரிக்கிறது. அவள் வலது கையால் விசைகளைக் குத்திக்கொண்டே இடது கையால் கொண்டையை அவிழ்க்கிறாள். கோபம் ஏறினால் கொண்டை அவிழும், இறங்கினால் முடியப்படும். அவள் தலைமுடி முடிந்து இருக்கும் நேரம் குறைவு.

கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் பயந்துபோகிறார்கள். கட்டிய புருஷனை ஒரு பெண் இப்படியா பேசுவாள் என்று. அவள் கணவர் தனசேகரன் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து, வாசல் குழாயில் காலைக் கழுவிக்கொண்டே, தெருவுக்குக் கேட்கும்படி ஓர் அறிவிப்பு செய்வார்: "நான் இல்லீங்க. அது கம்ப்யூட்டரு."

அவளுக்கு வயது நாற்பதுக்குச் சற்றுக் குறைவு. பொறியியல் படித்தவள். சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளைப் பராமரிக்கும் வேலை. ஊரடங்கின்போது வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாலை ஆறு மணிவரை அந்த வேலை. "அது சோத்துக்கு" என்பாள். ஆறு மணிக்கு மேலும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. அதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இணையத்தைப் பார்க்க உதவும் உலாவி ஒன்றை, முதல் வரியிலிருந்து, அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உலகத்தில் இல்லாத உலாவியா என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். கொண்டை அவிழ்ந்தது.

"அக்கா, நாம கேட்டத எடுத்தாந்து நம்மகிட்ட காட்டறதுதான் அதோட வேலை. அவ்ளோதான். இப்ப இருக்கறதெல்லாம் நம்மள எடுத்துக்கினு போயி அவன்கிட்ட காட்டிக்கினு இருக்குது."

இந்தக் கோபத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. சில வருடங்களுக்கு முன் கரும்புக்குத் தோகை உரிக்கும்போது தனசேகரனைப் பாம்பு கடித்துவிட்டது. தோட்டம் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அந்தப் பக்கம். செல்போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். எந்த மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று அம்சவள்ளி தேடினாள். ஒரு பக்கம் கிடைத்தது. ஆனால் அது திறக்கவில்லை. முதலில் ஒரு வீடியோ விளம்பரம் வந்தது. பிறகு அவள் எதைப் பார்க்கிறாள் என்று குறித்துவைக்க அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்து திரையை மூடிக்கொண்டது. "அவரு காலு வீங்கிக்கினு கெடக்குறாரு. இது குக்கீ வேணுமா வேணாமான்னு என்கிட்ட கேட்டுக்கினு நிக்குது." கடைசியில் உரம் இறக்க வந்த வண்டிக்காரர் ஒருவர்தான் எதையும் கேட்காமல் தனசேகரனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பறந்தார். அவர் பிழைத்தார். கடிபட்ட இடம் இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. அவர் அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

உலாவிக்கு அணையின் பெயரையே வைத்தாள்: கோமுகி. முதலில் அதில் வெறும் எழுத்துகள்தான் தெரிந்தன. பிறகு பத்தி பிரிந்தது, படம் வந்தது, அட்டவணை வந்தது. தமிழ்தான் படுத்தி எடுத்தது. 'கோ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கமும், கால் ஒரு பக்கமுமாகச் சிதறிப் போகும். தன் பெயரையே ஒழுங்காகக் காட்டத் தெரியாத உலாவியை வைத்துக்கொண்டு அவள் பல மாதங்கள் மல்லுக்கட்டினாள். "கொம்ப முன்னாடி போடுடா, முன்னாடி" என்று கத்துவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் 'கோமுகி' என்ற சொல் சேதாரமில்லாமல் திரையில் வந்தபோது, தெருவில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சொல் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எழுதியதையெல்லாம் அவள் இணையத்தில் திறந்தே வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நிபந்தனை இரண்டுதான். மாற்றி எழுதியதையும் அதேபோலத் திறந்து வைக்க வேண்டும். ஏற்கெனவே எழுதியவர்களின் பெயரை அழிக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டின்பேரில் பின்லாந்தில் ஒருவரும், பிரேசிலில் ஒரு கல்லூரிப் பெண்ணும், இன்னும் முகம் தெரியாத சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அம்சவள்ளி அவர்களிடமும் இனிமையாகப் பேசுவதில்லை. ஒருவர், பயனர் அடிக்கடி பார்க்கும் பக்கங்களைக் கணக்கெடுத்து ஓரிடத்துக்கு அனுப்பினால் உலாவியை மேம்படுத்தலாமே என்று எழுதியிருந்தார். "வேவு பாக்கற வேல இங்க வேணாம்" என்று தமிழிலேயே பதில் போட்டாள். அவர்கள் இயந்திரத்தைக் கொண்டு மொழிபெயர்த்துப் படித்துச் சிரித்தார்களாம். பின்லாந்துக்காரர் அந்தத் தமிழ் வரியைத் தன் மின்னஞ்சல்களின் அடியில் கையெழுத்துபோலப் போட்டுக்கொள்கிறார்.

எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. நான் மலைமேல் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. காலையில் வெள்ளிமலை பேருந்தில் ஏறிப் போய் மாலையில் இறங்கி வருகிறேன். உலாவி பேச வேண்டிய வாக்கியங்களை எழுதித் தரச் சொன்னாள். பக்கம் திறக்காதபோது தோன்றும் அறிவிப்புக்கு, "கோரிய பக்கம் கிடைக்கப்பெறவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன்.

"இன்னாக்கா இது, தாலுக்கா ஆபீஸ் போர்டு மாதிரி? பிழை, கோளாறுன்னு போட்டுப் போட்டு ஜனங்கள பயமுறுத்தி வெச்சிருக்கானுங்க. சிக்னல் இல்லன்னாகூடத் தான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டோம்னு நெனைக்குதுங்க."

இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு வாக்கியம் இப்படி முடிவானது: 'இந்தப் பக்கம் வரவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.' 'தவறில்லை' என்று நான் போட்டதை 'தப்பில்லை' என்று மாற்றியவள் அவள். 'மேல' என்று அவள் போட்டதை 'மேல்' என்று திருத்தியவள் நான்.

சென்ற ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்குக் கைக்கணினிகள் வந்தன. ஓர் அறக்கட்டளை நன்கொடையாகக் கொடுத்தது. அவற்றில் மென்பொருள் போட்டுத் தந்தது சென்னையில் ஒரு நிறுவனம். அதன் சார்பில் பிரவீன்குமார் என்ற இளைஞர் வந்து பேசினார். மலைப் பிள்ளைகளுக்காகவே தாங்கள் உருவாக்கிய உலாவி என்றும், பெயர் 'சுட்டிச் சாளரம்' என்றும், சிக்னல் குறைவாக இருந்தாலும் வேலை செய்யும் என்றும் சொன்னார். உண்மையாகவே வேலை செய்தது. பெற்றோரின் செல்போன் எண்களை வாங்கி ஒவ்வொரு கருவியிலும் பதிந்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்றார்கள். கணினி வகுப்பு என் பொறுப்பில் இல்லை. நான் அந்தக் கருவிகளைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

எழில்மதி பத்தாம் வகுப்பு. பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். அப்பா சின்னக்கண்ணுவும் அம்மா குஞ்சம்மாளும் அடிவாரத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். ஒரு மாலை விடுதியில் அவள் தன் கைக்கணினியில் ஒரு கேள்வியைத் தட்டினாள்: 'அப்பா அம்மாவை அடித்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்.'

சிறிது நேரத்தில் சின்னக்கண்ணுவின் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி விழுந்தது. உங்கள் பிள்ளை எழில்மதி இன்று தேடியது என்று தொடங்கி, அந்தக் கேள்வி எழுத்து மாறாமல் அதில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அந்த ஆள் சத்தமாகப் படித்தார்.

திங்கட்கிழமை குஞ்சம்மாள் பள்ளிக்கு வந்தாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு கண் பாதி மூடியிருந்தது. புடவைத் தலைப்பால் கட்டை மூடிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், எம்பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சி? போன்ல அது பேரு போட்டு வந்துச்சாம். ஸ்கூல்லேருந்தே அனுப்பினாங்களாமே? நீங்களா அனுப்புனீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழில்மதியைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் புரிந்தது. அவள் அழவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லல டீச்சர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "இதுலதான் கேட்டேன்." அவள் நீட்டிய கருவியை வாங்கி எதையோ தட்டிப் பார்த்தேன். மலையில் அப்போது சிக்னல் போயிருந்தது. திரையில் எழுத்துகள் வந்தன.

'இந்தப் பக்கம் வரவில்லை. உங்கள் மேல் தப்பில்லை. கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.'

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு அன்று மதியப் பேருந்திலேயே இறங்கினேன். அம்சவள்ளி அலுவலக வேலையில் இருந்தாள். திரையைக் காட்டியதும் காதில் இருந்த கருவியைக் கழற்றி வைத்தாள். ஒரு கம்பியை மாட்டித் தன் மடிக்கணினியோடு இணைத்தாள். நீண்ட நேரம் எழுத்துகள் ஓடின.

"இது என் கோமுகிதான்க்கா. மேல சட்டைய மாத்திக்கினு வந்திருக்கான். பேரெல்லாம் அழிச்சிட்டான். என் பேரு, உங்க பேரு, பின்லாந்துக்காரரு பேரு, அந்த பிரேசில் பொண்ணு பேரு." கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. "நாலு வருசமா உக்காந்து எழுதனது. திருட்டுப் பயலுங்க. நாங்களே உருவாக்குனோம்னு மேடையில வேற சொல்றானா?"

அவள் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, குஞ்சம்மாளின் கை உடைந்ததைச் சொன்னேன். எழில்மதி என்ன தட்டினாள் என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அக்கா, இதுல அந்த மாதிரி எதுவும் கெடையாது. பாத்தத யார்கிட்டயும் சொல்லாது. அதுக்காகத்தானே இத்த எழுதனேன்?" மறுபடி மடிக்கணினிக்குள் தலையை விட்டாள். தேடியவள் கண்டுபிடித்தாள். அவர்கள் புதிதாகச் சேர்த்திருந்தது கொஞ்சம் வரிகள்தான். பிள்ளைகள் தட்டுவதையெல்லாம் நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து பெற்றோருக்குக் குறுஞ்செய்தியாகத் தள்ளும் வரிகள். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் கழுத்து நரம்பு புடைத்தது.

அந்த நேரத்தில் தனசேகரன் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "விடு அம்சா. எவனோ பண்ணதுக்கு நீ இன்னா பண்ணுவே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"எவனோவா? அந்தப் பொண்ணு ஊர் உலகத்துல யார்கிட்டயும் சொல்ல முடியாதத இதுங்கிட்ட வந்து கேட்டிருக்குது. இது போயி நேரா அந்த ஆளுகிட்டயே சொல்லிட்டு வந்திருக்குது. உன் மேல தப்பில்லன்னு வேற எழுதி வெச்சிருக்கேன். அத்தப் படிச்சிட்டுத்தானே அது நம்பிக் கேட்டிருக்கும்? யாரு எழுதனது அத்த? எவனோவா எழுதனான்?"

தனசேகரன் வெளியே போய்விட்டார்.

மறுநாள் அவள் பிரவீன்குமாரைத் தொலைபேசியில் பிடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். பையன் மிக மரியாதையாகப் பேசினார்.

"மேடம், ஓப்பன் சோர்ஸ்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? ஃப்ரீயா எடுத்துக்கலாம்னு."

"எடுத்துக்கோ. எடுத்தத மறைக்கக் கூடாது, பேர அழிக்கக் கூடாதுன்னும் போட்டிருக்குது. பாதி படிச்சிட்டு மீதிய விட்டுட்டியா?"

"பேருதானே மேடம், போட்டுடலாம். அடுத்த மாசம் கள்ளக்குறிச்சியில ஃபங்க்ஷன் இருக்கு. உங்களுக்குச் சால்வை போத்தி, மேடையில சொல்லிடறோம்."

"பேரு கெடக்கட்டும். அந்த மெசேஜ நிறுத்து. இன்னிக்கே."

"அது பெற்றோர்களே விரும்பற ஃபீச்சர் மேடம். பாதுகாப்பு."

பெயர்களைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். அவர், "வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா ஒரே ஒரு கேஸ வெச்சு…" என்று தொடங்கினார். அவள் இணைப்பைத் துண்டித்தாள். துண்டித்த பிறகும் நெடுநேரம் அந்தச் செல்போனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் தலைமையாசிரியர் எல்லாக் கைக்கணினிகளையும் வாங்கி பீரோவில் பூட்டினார். குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு நாங்களே பேசினோம். இரண்டு பெண்கள் வந்து குஞ்சம்மாளிடமும் எழில்மதியிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். குஞ்சம்மாளின் அண்ணன் வீரமுத்து மணலூர்பேட்டையிலிருந்து வந்து, தங்கையையும் அவள் மகளையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். சின்னக்கண்ணு இரண்டு முறை அங்கே போய்க் கத்திவிட்டு வந்ததாகக் கேள்வி. எழில்மதி அங்கே ஒரு பள்ளியில் சேர்ந்தாள். ஆனால் மலையிலும் கீழேயும் மற்றப் பள்ளிகளில் அந்தக் கருவிகள் பிள்ளைகளின் கையில்தான் இருந்தன.

பின்லாந்துக்காரரும் பிரேசில் பெண்ணும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னையில் ஒரு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினார்கள். பதில் வரவில்லை. விழா அழைப்பிதழ்தான் வந்தது. அதில் சிறப்பு விருந்தினர் வரிசையில் அம்சவள்ளியின் பெயரை அச்சிட்டிருந்தார்கள். அவள் போகப்போவதாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் சால்வையை வாங்கிக்கொள்வதா என்று கேட்டேன். "மைக் குடுப்பாங்க இல்ல?" என்றாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம். பெற்றோர், பிள்ளைகள், வாழைமர அலங்காரம், மேடையில் அடுக்கிவைத்த புதுக் கைக்கணினிகள். பிரவீன்குமார் சால்வையைப் போர்த்தினார். கைதட்டினார்கள். அம்சவள்ளி மைக்கை வாங்கி, மேடையிலிருந்த ஒரு கருவியை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"சார், உங்க அப்பா நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு மேடம்."

"இதுல பெற்றோர் நம்பர்னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க. அப்பா நம்பரப் போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போட்டார். கூட்டமும் சிரித்தது.

"இப்ப, போன வாரம் உங்க போன்ல இன்னா இன்னா தேடனீங்களோ, அதையெல்லாம் ஒண்ணொண்ணா இதுல தேடுங்க."

சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஓடியது. பிறகு நின்றது. பிரவீன்குமார் கருவியைப் பிடித்தபடி நின்றார். அவர் கட்டைவிரல் திரைக்கு மேலே அசையாமல் இருந்தது.

"தேடுங்க சார். பாதுகாப்புதானே?"

"இது பிள்ளைங்களுக்கு மட்டும்தான் மேடம்."

"பிள்ளைங்களுக்கு மானம் கம்மியா?"

அதற்குப் பிறகு அவள் பேசியதை அப்படியே எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள். மலையில் ஒரு பெண் தன் அம்மாவைக் காப்பாற்ற வழி கேட்டாள், இது போய் அடிக்கிறவரிடமே சொல்லிவிட்டது, அந்த அம்மாவின் கை உடைந்தது என்று சொன்னாள். இதை எழுதியது நான், இதற்குள் வேவு பார்க்கிற வேலையைச் செருகியது இவர்கள் என்றாள். நடுவே ஒருவர் எழுந்து, "பொம்பளப் புள்ளைங்க போன்ல இன்னா பாக்குதுங்கன்னு பெத்தவனுக்குத் தெரிய வேணாமா?" என்று கத்தினார். இன்னும் சிலர் ஆமாம் என்றார்கள்.

"தெரியணும்னா அதுங்கிட்டயே கேளுய்யா. பயப்படாம பதில் சொல்ற மாதிரி வெச்சிக்கோ. போன்கிட்ட ஏன் கேக்கற?"

மைக்கை அணைத்தார்கள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. ஒரு தாய் எழுந்து மேடைக்கு வந்து, தன் மகளுக்குக் கொடுத்த கருவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர். நிறையப் பேர் வைக்கவில்லை. இலவசமாக வந்ததை விட அவர்களுக்கு மனமில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் அவள் அதைப் பற்றியேதான் பொருமிக்கொண்டு வந்தாள். சால்வை தனசேகரனின் டிராக்டர் இருக்கைக்கு விரிப்பாகிவிட்டது.

சில வாரங்களில் அறக்கட்டளை கேட்டுக்கொண்டதன்பேரில் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்தினார்கள். தொழில்நுட்ப மேம்பாடு என்று காரணம் சொன்னார்கள். மாற்றி எழுதியதில் ஒரு பகுதியை இணையத்தில் வைத்தார்கள். எழுதியவர்களின் பெயர்கள் எங்கோ ஓர் ஆழத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவில் இருக்கின்றன. மீதிப் பகுதிக்கு வழக்கு நடக்கிறது. குஞ்சம்மாளின் மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கையால் அரிவாள் பிடிக்க முடியவில்லை. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அம்சவள்ளி கொஞ்ச காலம் கோமுகியைத் தொடவே இல்லை. எங்கள் தெரு அமைதியாகிவிட்டது. தனசேகரனுக்கே அது பிடிக்கவில்லை. "ரெண்டு வார்த்த திட்டச் சொல்லுங்க டீச்சர். வூடு வூடு மாதிரியே இல்ல" என்று என்னிடம் வந்து சொன்னார். கேட்டதற்கு, "பூட்டிடலாமான்னு பாக்கறேன்க்கா" என்றாள். "தெறந்து வெச்சாத்தானே எடுத்துக்கினு போறான்?" பூட்டினால் பின்லாந்துக்காரர் எப்படி எழுதுவார் என்றேன். அவள் திறந்து வைத்ததை நம்பி எழுத வந்த அத்தனை பேர்மேலும் அவளுக்கு அப்போது கோபம் இருந்ததென்று நினைக்கிறேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்கு மறுபடி அந்தக் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். புதிதாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். கருவியில் தட்டுவதை வேறு எவராவது எடுத்து எங்காவது அனுப்பினால், உலாவி அதைத் திரையிலேயே பெரிய எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வாக்கியத்தை என்னிடம் கேட்டாள். 'நீங்கள் பார்ப்பதை வேறு யாரோ பார்க்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை எந்தச் சொல்லையும் அவள் மாற்றவில்லை.

"இதையும் அழிச்சிடுவாங்களே அம்சா?"

"அழிப்பான். அழிக்கறதுக்கு அவன் கைய வெச்சி அழிக்கணும் இல்ல? தெரிஞ்சி செய்யட்டும். தெரியாம நடந்துடுச்சின்னு இனிமே எவனும் சொல்லக் கூடாது."

சென்ற மாதம் எழில்மதி தன் அம்மாவோடு எங்கள் பள்ளிக்கு வந்தாள். ஏதோ ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. திரும்பும்போது இருவரும் என்னோடு பேருந்தில் இறங்கி எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் எழில்மதி என் அருகே வந்து, நெட்டில் ஒன்று பார்க்க வேண்டும் என்று மெல்லக் கேட்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை. குஞ்சம்மாளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவளை அம்சவள்ளியிடம் அழைத்துப் போனேன். இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதில்லை. யார் என்று சொன்னேன். வாய் ஓயாத அம்சவள்ளி அவளை நிமிர்ந்து பார்த்தாள், உட்காரச் சொன்னாள், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

எழில்மதி மடிக்கணினியைப் பார்த்தாள். கையை நீட்டி, பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதுல அடிச்சா யாருக்காச்சும் போவுமாக்கா?"

அம்சவள்ளி மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அறையின் மறுகோடியில், சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள். என்னையும் பார்த்துத் தலையை அசைத்தாள். நானும் திரும்பிக்கொண்டேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு விசை தட்டும் ஓசை கேட்டது. பிறகு இன்னொன்று. அம்சவள்ளி சுவரைப் பார்த்தபடியே கண்களையும் மூடிக்கொண்டாள்.